இரண்டாம் வாசல்

முதலாளியம்மா சிஞ்ஞோரா பிம் விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டபோது துஷாந்தி மறுக்கவில்லை. தாய்லாந்துக் கொடியின் நிறங்களில் ஒரு நாடா, அதன் முனையில் பிளாஸ்ரிக் விசில். தேயாத்ரோ மாசிமோ இசை அரங்கின் படிகளுக்கு முன்னால், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் குளிரில், தாய்லாந்துக்காரர் ஒரு சிறு கூட்டமாக நின்றார்கள். இத்தாலியின் பலெர்மோ நகரத்து மசாஜ் நிலையங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்பவர்கள், சிசிலிக்காரரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களுக்கு நடுவில் யாழ்ப்பாணத்துப் பெண் அவள் ஒருத்திதான். அவள் கையிலிருந்த மட்டையில் தாய்லாந்து மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

“ஊது,” என்றாள் பிம்.

துஷாந்தி ஊதினாள். படிகளில் படம் எடுத்துக்கொண்டிருந்த உல்லாசப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது 2014ஆம் ஆண்டு. பாங்கொக் நகரத்தையே நிறுத்திக் காட்டுவோம் என்று அங்கே ஓர் இயக்கம் விசில் ஊதிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தது. அதற்கு ஆதரவாகத்தான் பிம்மும் மற்றவர்களும் இங்கே கூடியிருந்தார்கள். சந்திகளில் மேடை போட்டார்கள். அரச அலுவலகங்களைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு வாசலில் காவல் இருந்தார்கள். அரசாங்கம் விலக வேண்டும், தேர்தல் இப்போது நடக்கக் கூடாது, முதலில் நல்லவர்கள் கூடி ஒரு சபை அமைத்து நாட்டைத் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் அடைத்துவைத்த கட்டடங்களில் ஒன்றுக்குள்தான் துஷாந்தியின் கணவன் கஜானனுக்கு வேண்டிய முத்திரை இருந்தது.

போர் முடிந்த அடுத்த வருடம் கஜானன் ஊரை விட்டுப் போனான். தாய்லாந்திலிருந்து வெளிநாட்டுக்குக் கப்பலில் ஏற்றுவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் அவனை ஓர் அறையில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் அங்கேயே ஒளிந்து வாழ்ந்தான். துஷாந்தி பலெர்மோவிலிருந்த மாமி ஒருத்தியின் உதவியோடு வேலை விசாவில் வந்து, பிறகு மகள் கேசிகாவை எடுப்பித்தாள். கணவனையும் எடுப்பிக்க வேண்டுமானால் நிரந்தரமான வேலை ஒப்பந்தம் தேவை என்றார்கள். அதைக் கொடுத்தவள் பிம். கால்சா பகுதியில் அவள் நடத்திய தாய்லாந்து உணவகத்தில் துஷாந்தி காய்கறி வெட்டினாள், பாத்திரம் கழுவினாள். பிம் அவளுக்காகக் வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்கு நேரில் வந்து வரிசையில்கூட நின்றிருக்கிறாள்.

அப்படித்தான் கஜானனுக்கு இத்தாலிய விசா கிடைத்தது. ஆனால் அனுமதியில்லாமல் இத்தனை வருடம் தங்கியவன் நேரே விமான நிலையத்துக்குப் போனால் பிடித்து அடைத்துவிடுவார்கள், முதலில் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும் என்று அகதிகளுக்கு உதவும் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். விசா மாசி மாதம் முடியும்வரைதான் செல்லும். அலுவலகம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆர்ப்பாட்டம் முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கப் போனபோது துஷாந்தி பிம்மின் கையைப் பிடித்தாள். இருவருக்கும் பொதுவான மொழி இத்தாலிய மொழிதான்.

“சிஞ்ஞோரா, உங்கள் தம்பி குடிவரவு அலுவலக வாசலில் காவலுக்கு நிற்கிறார் என்றீர்களே. என் கணவரை ஒருதரம் உள்ளே விடச் சொல்லுங்கள். ஒரு முத்திரை மட்டும்தான்.”

பிம்மின் கண் கலங்கியது. “இதைக் கேட்கவா இவ்வளவு நாள் யோசித்தாய்? நீ எங்களோடு நிற்கிறாய். நாங்கள் உன்னோடு நிற்கமாட்டோமா?”

அங்கேயே தம்பிக்கு அழைத்தாள். அவன் பெயர் ஓட். சில பிரிவுகளின் ஊழியர்களைச் சில நாட்களில் காலையில் உள்ளே விடுகிறோம், புதன்கிழமை முத்திரை கொடுக்கும் பிரிவு திறக்கும், அவர் இரண்டாம் வாசலுக்கு வந்து என் பெயரைச் சொல்லட்டும் என்றான் ஓட்.

“விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகச் சொல்,” என்றாள் பிம். “பார்த்தவுடனே நம் ஆள் என்று தெரியும்.”

உணவகத்தின் சமையல்காரி லம்துவான் ஆர்ப்பாட்டத்துக்கு வரவில்லை. அவள் தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஒரு நெல் விளையும் கிராமத்தைச் சேர்ந்தவள். அடுத்த நாள், இறால் உரித்துக்கொண்டே துஷாந்தியிடம் மெல்லக் கேட்டாள்.

“நேற்று நீ பிடித்திருந்த மட்டையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா?”

“இல்லை.”

“எருமைகளுக்கு வாக்கு எதற்கு என்று எழுதியிருந்தது. பிம் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறாள். எருமை என்றால் என் அம்மாதான். எங்கள் ஊர்ச் சனம் எல்லாரும்தான்.”

துஷாந்தியின் கை நின்றுவிட்டது. “எனக்குத் தெரியாது, லம்துவான். சத்தியமாகத் தெரியாது.”

“தெரியும், உனக்குத் தெரியாது என்று.” லம்துவான் இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். “நாங்கள் வாக்குப் போட்ட ஆட்களும் திருடினார்கள். நெல்லை வாங்கினார்கள், என் அண்ணனுக்கு இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. அதற்காக அடுத்த முறை வேறு ஆளுக்குப் போடுவோம். வாக்கே வேண்டாம் என்றால் நாங்கள் யாரிடம் கேட்பது? உன் புருஷனைக் கவனமாகப் போகச் சொல். தங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்களுக்கு எதிரில் வருகிற எல்லோரும் கெட்டவர்களாகத்தான் தெரியும்.”

செவ்வாய்க்கிழமை மதியச் சமையல் முடிந்ததும் துஷாந்தி கடற்கரைப் புல்வெளிக்கு நடந்து போய்க் கணவனுக்கு அழைத்தாள். பாங்கொக்கில் அப்போது இருட்டிவிட்டிருந்தது.

“என்னப்பா, சாப்பிட்டனீரோ?” என்றான் கஜானன்.

“அதை விடுங்கோ. நாளைக்குப் போறியள்தானே?”

“ஓம், விடியவே போறன். இரண்டாம் வாசல். ஓட் எண்டு கேக்கவேணும். அவ்வளவுதானே.”

“அங்கை எப்பிடிக் கிடக்கு? பயமில்லையோ?”

“போன கிழமை பக்கத்து மேடையிலை சாப்பிட்டனான் எண்டு சொன்னன் எல்லே. கோயில் அன்னதானம் மாதிரித்தான். பாட்டு, ஐஸ்கிறீம், சும்மா தலைமயிர் வெட்டிவிடவும் ஆள் இருக்கு. விசிலும் அங்கைதான் தந்தவை. நல்ல சனம் அப்பா. ஒரு மனுசி எனக்கு ரெண்டாந்தரமும் கூப்பிட்டுச் சோறு போட்டவ. ஆனா மேடையிலை நிக்கிறவர் கதைக்கத் தொடங்க, அந்த மனுசியின்ர முகம் மாறிப்போட்டுது. அது எனக்குப் பிடிக்கேல்லை.”

“என்ன கதைச்சவர்?”

“எனக்கு எவ்வளவு விளங்கும்? நாட்டுப்புறத்துச் சனத்தை ஆரும் விலைக்கு வாங்கலாமாம். அதுகளுக்கும் படிச்ச ஆக்களுக்கும் ஒரே வோட்டோ எண்டு கேக்கினம். ஊழல் நடந்தது உண்மைதான், இஞ்சை எல்லாரும் சொல்லுகினம். ஆனா கள்ளனைப் பிடிக்கிறம் எண்டு வந்தவை, தேர்தலை எல்லே பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கினம்.”

“ஐயோ, அங்கை போய் இப்பிடி ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ.”

“நான் என்னத்தைக் கதைக்கிறது? எனக்கு வாற தாய்லாந்துப் பாஷை மரக்கறி வாங்கத்தான் காணும்.” அவன் சிரித்தான். “பயப்பிடாதையும். பிள்ளைக்குச் சொல்லும், அப்பா கெதியிலை வாறன் எண்டு.”

புதன்கிழமை அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

துஷாந்தி போனை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு பல்லரோச் சந்தைக்குப் போய் உணவகத்துக்குக் கொத்தமல்லியும் எலுமிச்சையும் வாங்கினாள். மீன்காரன் கூவுகிற சத்தத்தில் மணி அடித்தது கேட்காமல் போயிருக்குமோ என்று நின்று நின்று எடுத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்ப அழைத்தாள். அவனுடைய போன் அணைந்திருந்தது. மதியம் ஒரு கிண்ணம் கைதவறி உடைந்தது. பிம்மும் தம்பிக்கு அழைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசி மேசையும் எழுந்துபோன பிறகு பிம் சமையலறைக்குள் வந்தாள். கதவை மூடிக்கொண்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

“ஓட் கதைத்தான். உன் கணவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைக் கேள்.”

துஷாந்தி கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். கஜானன் விடியற்காலையில் இரண்டாம் வாசலுக்குப் போயிருக்கிறான். முதல் நாள் இரவு அந்தப் பக்கத்தில் யாரோ வெடி எறிந்திருந்தார்கள். ஓட் வேறு வாசலுக்கு மாற்றப்பட்டிருந்தான். கஜானன் ஓட் என்ற பெயரைச் சொல்லிக் கேட்டான். அவனுடைய உச்சரிப்பு வாசலில் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. கறுத்த மனிதன், அந்நியப் பேச்சு, கழுத்தில் தங்களுடைய விசில். அரசாங்கம் கம்போடியர்களைக் கூலிக்குப் பிடித்துத் தங்களுக்குள் அனுப்புகிறது என்று சில நாட்களாக ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் “கம்போடியன்” என்று கத்தினான். கஜானன் பயந்து ஓடினான். துரத்திப் பிடித்துக் கைகளைக் கட்டி ஒரு கூடாரத்துக்குள் கொண்டுபோய் அடித்தார்கள். பிறகு பொலிசாரிடம் கொடுத்தார்கள். பொலிசார் கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். இப்போது அவன் குடிவரவுத் தடுப்பு முகாமில் இருந்தான்.

“எவ்வளவு அடித்தார்கள்?” என்றாள் துஷாந்தி.

“ஓட் அங்கே இருக்கவில்லை. அவனுக்குத் தெரியாது.” பிம் கைகளைப் பிசைந்தாள். “எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, துஷி. அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஏன் ஓடினார்? நின்று பேசியிருக்கலாமே. அவரும் ஏதாவது செய்திருப்பார்.”

துஷாந்தி அந்த வசனத்தை முன்பும் கேட்டிருந்தாள். அப்போது அவள் பாடசாலை போகிற வயது. வேலணையில் அவர்களுடைய வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த தபாற்காரரை ஒரு பின்னேரம் இயக்கப் பொடியன்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் அவர் சந்தியில் செத்துக் கிடந்தார். கொண்டுபோனவர்களும் மக்களுக்காகத்தான் என்றார்கள். அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த வீடுகள்தான் தெரு முழுக்க. யாரும் வெளியே வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா அப்பாவிடம் சொன்னது அதே வசனம்தான்: “ஏதோ செய்திருப்பர்.”

“அவர் முத்திரை வாங்கப் போனார்,” என்றாள் துஷாந்தி. “நீங்கள் சொல்லித்தான் போனார். விசிலும் நீங்கள் சொல்லித்தான் போட்டார்.”

“நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்!”

“ஓம், சிஞ்ஞோரா. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள்.” அவளுடைய குரல் உயர்ந்தது. “மக்கள், மக்கள் என்று உங்கள் போனில் நாள் முழுக்க மேடையிலிருந்து ஒருவர் கத்துகிறார். லம்துவானின் அம்மா மக்களில்லை. வாக்குப் போடப் போகிறவன் மக்களில்லை. என் புருஷன் மனுசனே இல்லை. அப்படியானால் யார்தான் மக்கள்? வாசலில் நிற்கிறவன் மட்டுமா?”

பிம்மின் முகம் சிவந்தது. “உனக்கு எங்கள் நாட்டைப் பற்றி என்ன தெரியும்?”

“ஒன்றும் தெரியாது. வாசலில் நிற்கிறவர்களைத் தெரியும்.”

ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கால்சாவிலிருந்து சீசாவிலிருந்த வீட்டுக்கு நடந்தே போனாள். பஸ் பக்கத்தால் போனது; ஏற வேண்டும் என்று தோன்றவில்லை.

மேல்மாடியில் குடியிருந்த மன்னார்க்காரி கத்தரீனாதான் கேசிகாவைப் பார்த்துக்கொள்பவள். துஷாந்தியின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் படிக்கட்டிலேயே அவளை இருத்தினாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“நான் இனி அந்த வாசப்படி மிதிக்கமாட்டன் அக்கா. வீடு கூட்டியெண்டாலும் பிழைப்பன்.”

கத்தரீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “பிள்ளை, நான் சொல்லுறதுக்குக் கோவிக்காதை. விசா மாசியோட முடிஞ்சுபோகும். திருப்பி எடுப்பிக்கிறதெண்டா உனக்கு வேலை ஒப்பந்தம் வேணும். இப்ப விட்டுட்டு வந்தியெண்டா, இன்னொண்டு எடுக்க எவ்வளவு காலம் போகும்? நீ இஞ்சை தங்கிற பெர்மெசோவுக்கே அதுதானே காட்டினனீ?”

துஷாந்தி சுவரில் தலையை இடித்துக்கொண்டு அழுதாள். கத்தரீனா தன் கையைச் சுவருக்கும் அவளுடைய தலைக்கும் நடுவில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து துஷாந்தி அதே சமையலறைக்குத் திரும்பிப் போனாள். பிம் கதவைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் வேலைக்குத் தேவையான சொற்களை மட்டும் பேசினார்கள்.

மாசி மாதம் முழுக்க அவள் ஏறாத படியில்லை. குடியேறிகளுக்கு உதவும் அலுவலகத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் பாங்கொக்குக்குத் தொலைபேசியில் பேசினார். கத்தரீனாவின் பங்குத் தந்தை யார் யாருக்கோ எழுதினார். பதில் ஒன்றுதான். விசாவை நீடிக்க வேண்டுமானால் ஆள் நேரில் வர வேண்டும். அடைபட்டிருக்கிற ஆள் நேரில் வர முடியாது. முத்திரை கொடுக்கும் அலுவலகமோ இன்னும் மூடித்தான் இருந்தது. தேர்தல் நாளில் பல இடங்களில் வாக்குச்சாவடிகளை மறித்தார்கள் என்று லம்துவான் சொன்னாள். அவளுடைய அம்மா தன்னுடைய ஊரில் வாக்குப் போட்டாள். பிறகு அந்தத் தேர்தலே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விசா முடிந்த அன்று துஷாந்தி வழக்கம்போலக் காய்கறி வெட்டினாள்.

பாங்கொக்கில் தையற்கடை வைத்திருந்த லம்துவானின் மச்சாள்தான் கிழமைக்கொருதரம் முகாமுக்குப் போய் வந்தாள். கம்பி வலைக்கு அப்பால் பலபேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடம் அது. சோறும் சவர்க்காரமும் கொடுத்துவிட்டு வந்து லம்துவானுக்குச் சொல்லுவாள். ஒரே அறையில் நீட்டிப் படுக்க இடமில்லாமல் முறைவைத்துத் தூங்குகிறார்கள். கஜானன் மெலிந்துவிட்டான். இடது காது கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகச் சம்மதித்தால் விட்டுவிடுவோம் என்கிறார்கள், அவன் மாட்டேன் என்கிறான். லம்துவான் இதையெல்லாம் சட்டியைக் கிளறிக்கொண்டே, துஷாந்தியைப் பார்க்காமல் சொல்லுவாள்.

வைகாசியில் தாய்லாந்து இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிம் அன்று எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தாள்.

“பார், இனி எல்லாம் ஒழுங்காகும். அலுவலகங்கள் திறந்துவிட்டன,” என்றாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் துஷாந்தியிடம் பேசிய முதல் நீண்ட பேச்சு அது. “புதிதாக விண்ணப்பம் போடு. ஒப்பந்தத்தை நான் இன்னும் நல்லதாக எழுதித் தருகிறேன்.”

“இராணுவம் வரத்தானா இவ்வளவும் செய்தீர்கள், சிஞ்ஞோரா?” என்றாள் துஷாந்தி. அவள் குரலில் கோபம்கூட இருக்கவில்லை.

பிம் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். லம்துவான் இனிப்பைத் தொடவில்லை. துஷாந்தி புதிய ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க அவளுக்கு வழியிருக்கவில்லை.

ஆனியில் ஒரு நாள், கேசிகாவைப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு சீசா பஸ் தரிப்பில் நின்றபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கஜானன்தான். உள்ளே ஒருவர் ஒளித்து வைத்திருந்த போன். முறைக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்றான்.

“எப்பிடி இருக்கிறியள்?”

“என்ன?”

“எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டனான்!”

“இருக்கிறன். பலத்துச் சொல்லும், இஞ்சை ஒரே சத்தம். இப்ப வலது காதும் கொஞ்சம் மந்தமாக் கிடக்கு.”

“திருப்பிப் போட்டிருக்கு அப்பா! புது விண்ணப்பம்! வருசம் முடியேக்கை வந்திடும் எண்டு லோயர் சொன்னவர்!”

தரிப்பில் நின்ற கிழவர் ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுமுனையில் வேறு மொழிகளில் யார் யாரோ கதைப்பது கேட்டது.

“துஷி,” என்றான் கஜானன். “ஊருக்குப் போறன் எண்டு சொல்லி ஒப்பம் வைப்பமோ எண்டு யோசிக்கிறன்.”

“வேண்டாம்! என்ர ஆணை, வேண்டாம்! அங்கை இறங்கினவுடனை பிடிப்பினம் உங்களை!”

“இஞ்சையும் பிடிச்சுத்தானே வைச்சிருக்கினம்.”

“வருசம் முடியுமட்டும் பொறுங்கோ. எனக்காகப் பொறுங்கோ. பிள்ளைக்காக.”

“பிள்ளை நிக்கிறாளோ? குடும்.”

கேசிகா போனை வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குக் காது கேட்காது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து, தெருவெல்லாம் கேட்கிறமாதிரிக் கத்தினாள். அவசரத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை.

“பப்பா! குவாந்தோ வியெனி?”

எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்டாள். கஜானனுக்கு இத்தாலிய மொழி தெரியாது. துஷாந்தி போனைத் திரும்ப வாங்கினாள்.

“என்னவாம் பிள்ளை?” என்றான் அவன். “விளங்கேல்லை. என்ன கேக்கிறாள்?”

பஸ் வந்து நின்றது. கிழவர் ஏறினார். சாரதி கதவைத் திறந்துவைத்தபடி அவர்களைப் பார்த்தார்.

“உங்களுக்குக் கேக்குதோ எண்டு கேக்கிறாள்,” என்றாள் துஷாந்தி.

“ஓம்,” என்றான் கஜானன். “கேக்குது எண்டு சொல்லும்.”